உழவர்கரையில் நிழலுக்கு வாடகை

புதுச்சேரி பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் கேட்டார். "பீச்சா சார்?"

"இல்லண்ணே. மூலகுளம் தாண்டிப் போகணும்."

"அங்க இன்னா சார் இருக்கு?"

"ஒரு தோட்டம்" என்றேன். அவர் என் பையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், மனை வாங்க வந்த ஆள் என்று முடிவு கட்டிவிட்டார். இந்திரா காந்தி சிலைச் சதுக்கம் வரும்வரை எந்த நகரில் ஒரு குழி என்ன விலை போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். நிலத்தைக் குழிக் கணக்கில் பேசும் பழக்கம் இந்த ஊரில் இன்னும் போகவில்லை. சிலையைத் தாண்டி வில்லியனூர் சாலையில் ஏறியதும் பேச்சு நின்றது. காரணம் நெரிசல். பாத்திரக்கடை, டயர்க்கடை, கல்யாண மண்டபம், மறுபடியும் டயர்க்கடை. அமைதி தேடிப் போகிற பாதை இதுதான் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

அமைதி வேண்டிப் புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கிழக்கே போவதுதான் வழக்கம். கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, அதன் முன்னால் ஒரு புகைப்படம். கூட்டம் பிடிக்காதவர்கள் வடக்கே ஆரோவில் பக்கம் ஒதுங்குவார்கள். மேற்கே யாரும் வருவதில்லை. உழவர்கரை என்ற பெயர் பயணிகள் வைத்திருக்கும் வரைபடத்தில் அநேகமாக இருக்காது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கில் உழவர்கரை நகராட்சியில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் இருந்தார்கள். புதுச்சேரி நகராட்சியைவிட அதிகம். ரெட்டியார்பாளையம், கதிர்காமம், தட்டாஞ்சாவடி, லாஸ்பேட்டை, கருவடிக்குப்பம், முத்திரையர்பாளையம் எல்லாம் இதற்குள் அடக்கம். பிரெஞ்சுக்காரர்கள் வாயில் இது 'உல்கரே' ஆயிற்று. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ஒழுகரை என்று வரும் ஊர் இதுதான்.

மேற்கே வர எனக்கு ஒரு சாக்கு இருந்தது. பாரதியின் குயில் பாட்டு ஒரு மாஞ்சோலையில் நடக்கிறது. அந்தச் சோலை ஊருக்கு எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கவிஞர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். திசை மேற்கு. தொலைவு கொஞ்சம்தான். 1908 முதல் 1918 வரை பத்தாண்டு இந்த ஊரில் ஒளிந்து வாழ்ந்த மனிதருக்குக் கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தது. என்றாலும் காதலும் கனவும் கலந்த ஒரு கதைக்கு இடம் தேடியபோது அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்திருக்கிறார்.

நான் தங்கிய விடுதியின் பெயர் வேண்டாம். நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன். பிரதான சாலையிலிருந்து ஒரு மண்பாதை திரும்புகிறது. பத்தடி உயர மதில். கதவு திறந்தால் சட்டென்று வெயிலின் நிறம் மாறுகிறது. பத்துப் பன்னிரண்டு பழைய மாமரங்கள், இரண்டு நாவல், ஒரு மகிழம். மரங்களுக்கு நடுவே ஆளுக்கொரு வீடாக ஆறு குடில்கள். மெட்ராஸ் தளம் போட்ட கூரை, ஆத்தங்குடி ஓடு பதித்த தரை, தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலி. வெட்டிவேர்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பெண் மெதுவாகப் பேசினாள். அங்கே எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள். அதற்கும் சேர்த்துத்தான் வாடகை என்று தோன்றியது.

முதல் நாள் மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒன்றும் செய்யவில்லை. பங்குனி கடைசி. மாமரத்தில் வடு பருவம் தாண்டிக் காய் கட்டியிருந்தது. அணில் கடித்துப் போட்ட பிஞ்சு அவ்வப்போது ஓட்டுத் தரையில் டக்கென்று விழும். அந்தச் சத்தம் கேட்கிற அளவுக்கு ஓர் இடம் அடங்கியிருப்பது அபூர்வம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று மணிக்கு மோட்டார் ஓடத் தொடங்கியது.

குடில்களுக்குப் பின்னால், செம்பருத்தி வேலி மறைக்கும் இடத்தில், ஆழ்துளைக் கிணறு. தோட்டக்காரர் குழாயை இழுத்துக்கொண்டு புல்வெளிக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், தலையில் துண்டு. "தினமும் ரெண்டு வேளையாண்ணே?" என்றேன்.

"கொரியன் கிராஸ் சார். ஒரு வேளை உட்டாலும் மஞ்சளாய்டும். மாமரம் இன்னா கேக்குது? ஒண்ணும் கேக்கல. இதுதான் குழந்த மாதிரி."

"யாரு வெச்சது இந்த மரமெல்லாம்?"

"யாரோ. தோப்பா இருந்ததத்தான் வாங்குனாங்க. புல்லு, ஃபாக்ஸ்டெயில் பாம், குளம் எல்லாம் அப்பறமா வந்துது."

அவர் குளம் என்றது நீச்சல் குளத்தை. இந்த மேற்குப் பகுதி ஊர்ப்பெயர்களில் எத்தனை குளம், எத்தனை பாளையம் என்று எண்ணிக்கொண்டு வந்தவனுக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தியது. நீல நிற ஓடு பதித்த தொட்டியில் ஒரு மைனா குனிந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தலையை உதறியது. குளோரின் வாடை அதற்கும் பிடிக்கவில்லை போலும்.

மதிலைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுக்காரர்களுக்கும் இங்கே ஒரு வேலி இருந்தது. புதுச்சேரியைச் சுற்றிச் சில மைல் தள்ளி, கள்ளியும் முள்ளும் அடர வளர்த்து, நடுநடுவே சிறு காவல் அரண்கள் வைத்த உயிர்வேலி. வில்லியனூர்ப் பாதை, வழுதாவூர்ப் பாதை, அரியாங்குப்பம் என்று வாசலுக்கொரு அரண். 1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் நகரை முற்றுகையிட்டபோது இந்த வேலியைத்தான் முதலில் உடைக்க வேண்டியிருந்தது. உழவர்கரை கைமாறியது. அடுத்த ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைய, கோட்டையையும் நகரையும் ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கினார்கள். இன்றைக்கு வெள்ளை நகரம் என்று நாம் படம் எடுத்துக்கொள்வதெல்லாம் அதற்குப் பிறகு திரும்பக் கட்டியது. அந்த வேலி நின்ற தடம் இப்போது எந்தக் கடைக்குப் பின்னால் ஓடுகிறதோ. முள்வேலி போன ஊரில் மதில்கள் முளைத்திருக்கின்றன. இவற்றுக்குள் நுழைய ஆதார் அட்டையும் முன்பணமும் போதும்.

மறுநாள் காலை ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். அந்திரேயர் கோயில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. எண்பது தாண்டியும் காது மட்டும் கூர்மை. எங்கே தங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் வாடகை கேட்டாள். சொன்னேன்.

"ஒரு ராத்திரிக்கா?"

"ஆமா பெரிம்மா."

"தோட்டத்துல படுக்கவா? எங்க காலத்துல வீட்டுல எடம் இல்லன்னாதான்டா தோட்டத்துல படுக்கச் சொல்லுவாங்க. ஒங்க பெரியப்பா கோவிச்சுக்கிட்டாருன்னா போய்ப் படுத்துக்குவாரு. காசு குடுத்து யாரும் கோவிச்சுக்கல."

அந்த வீட்டின் பின்கட்டில் ஒரு கிணறும் ஒரு மாமரமும் இருந்தன. கோடை விடுமுறையில் நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் அந்த மரத்தடியில்தான் கிடப்போம். பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர். மத்தியானம் சத்தம் போட்டால் பிரெஞ்சில் திட்டுவார். எங்களுக்குப் புரியாது, அதனால் கோபமும் வராது. அந்த மரம் 2011 டிசம்பர் 30 விடியற்காலை விழுந்தது. தானே புயல். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறி ஒரே இரவில் இந்தப் பக்கத்து மரங்களைப் படுக்கவைத்தது. 1826இல் தொடங்கி, பிறகு பெரோத்தே என்ற தாவரவியலாளர் வளர்த்தெடுத்த நகரத் தாவரவியல் பூங்காவிலும் பழைய மரங்கள் பல சாய்ந்தன. கடலூர்ப் பக்கம் பலாவும் முந்திரியும் வைத்திருந்தவர்கள் ஒரு தலைமுறை வருமானத்தை இழந்தார்கள்.

"மரம் போனதும் கெணத்துலயும் தண்ணி எறங்கிப்போச்சு" என்றாள் பெரியம்மா. மரத்துக்கும் கிணற்றுக்கும் அவள் போடும் கணக்கை நிலத்தடி நீர்க்காரர்கள் ஒப்புவார்களா தெரியாது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இறங்கியதைக் காரணமாகச் சொல்வார்கள். அவளிடம் நான் வாதாடவில்லை. கிணற்றின் மேல் இப்போது சிமெண்டுப் பலகை. அதன் மேல் துளசிச் செடி.

பெரியம்மா வீட்டிலிருந்து முத்திரையர்பாளையம் அதிகத் தூரமில்லை. புதுச்சேரியின் கதையில் பாதி இங்கேதான் ஊறுகிறது. அரசின் முத்திரையில், பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் வெள்ளை மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆயி மண்டபம். அதன் கதையைப் பூங்காவில் தேடக் கூடாது, இங்கே வர வேண்டும். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இந்த வழியே போனாராம். அவருடைய அமைச்சர் என்று சொல்பவர்களும் உண்டு. விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கைகூப்பிவிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு. தெரிந்ததும் வெட்கம் கோபமாகி, இடிக்கச் சொன்னார். ஆயி தானே இடித்துக்கொள்வதாகச் சொல்லி, அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டிவிட்டாள்.

இதுவரை கதை. இனிச் சொல்வது வரலாறு. கடலோரத்து வெள்ளை நகரத்தில் கிணறு தோண்டினால் உப்புக் கரிக்கும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், முத்திரையர்பாளையத்து ஊற்றுநீரை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் வந்த மகிழ்ச்சியில் நகரத்தின் நடுவே எழுந்ததுதான் அந்த மண்டபம். கிரேக்க-ரோமானியத் தூண்கள், தமிழ்த் தாசியின் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான் என்றால் மிகையாகாது. கோரிமேடு, ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேட்டில் பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்கித் தேங்குகிறது. நகரம் இன்றும் குடிப்பது பெரும்பாலும் இந்த மேற்குப் பக்கத்து நிலத்தடி நீரைத்தான். பூங்காவில் உட்கார்ந்து காற்று வாங்குகிறவர்கள் நெஞ்சில் இறங்கும் குளிர்ச்சியும், என் விடுதியில் கொரியன் புல் குடித்த தண்ணீரும் ஒரே கணக்கில் எழுத வேண்டியவை.

கருவடிக்குப்பத்துக்கு மாலையில் போனேன். பாரதியின் மாஞ்சோலை இதுதான் என்று ஊர் சொல்லும் குயில் தோப்பு இங்கே. முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியாருக்குச் சொந்தமான தோப்பு என்றும், நண்பர் என்ற உரிமையில் பாரதி அங்கே பகல் முழுவதும் கிடப்பார் என்றும் சொல்வார்கள். பக்கத்திலேயே சித்தானந்த சுவாமிகள் கோயில். அவர் 1837இல் சமாதியடைந்தார். அந்தக் கோயில் வாசலில் எரியும் தீபத்தைப் பற்றியும் பாரதி பாடியிருக்கிறார். கோயிலுக்குக் கூட்டம் வருகிறது. வியாழக்கிழமையானால் செருப்பு வைக்க இடமிருக்காது. தோப்பைத் தேடிப் போகிறவருக்குத்தான் ஏமாற்றம். நான் பார்த்த பக்கமெல்லாம் தெருக்கள், மாடி வீடுகள், மாடியில் நீலநிறத் தொட்டிகள். இடையிடையே ஒன்றிரண்டு மாமரங்கள், முதிர்ந்தவைதான். அவற்றில் எது பாரதி சாய்ந்த மரம் என்று கேட்பது அசட்டுத்தனம்.

ஆனால் குயில் கூவியது. நிஜமாகவே. ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு மேல், தொலைக்காட்சித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே மேலே சுருதி ஏற்றிக்கொண்டே போனது. பாரதியின் கதையில் பாடுவது பெண்குயில். பறவை பார்ப்பவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். பாடுவதெல்லாம் கறுப்பு ஆண்தான், புள்ளி போட்ட பெண் கிக்கிக்கென்று கத்துவதோடு சரி. கவிஞருக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? தோப்பிலேயே கிடந்தவர். தெரிந்தே மாற்றியிருப்பார் என்பதுதான் என் ஊகம். அவர் காட்டும் தோப்பு ஒன்றும் மடத்து மௌனமும் இல்லை. வேடர்கள் பறவை சுட வரும் இடமாகவே அதைச் சொல்கிறார். வேடர்கள் வராத ஒரு நாளில் அவர் போயிருக்கிறார், அவ்வளவுதான். குரங்கும் மாடும் கூடக் கதையில் வந்து போகின்றன. அமைதிக்குக் காவல் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பாரதியின் தோப்புக்கு மதில் இருந்ததா என்ற யோசனையோடு விடுதிக்குத் திரும்பினேன். வேலி இருந்திருக்கும். தோப்பென்றால் வேலி உண்டு, காவல்காரரும் உண்டு, மாம்பழம் காய்க்கிற காலத்தில் கவண்கல்லும் உண்டு. ஆனால் பழக்கமான ஆளை யாரும் தடுப்பதில்லை. ஊர்ப் பிள்ளைகள் குளிக்க, கிழவிகள் சுள்ளி பொறுக்க, கவிஞர்கள் கனவு காண என்று நிழலுக்குப் பல பங்காளிகள். அந்தப் பங்கை முழுவதும் ஒருவருக்கே எழுதிக்கொடுப்பதைத்தான் இன்று சொகுசு என்கிறோம். நானும் இரண்டு இரவுக்கு எழுதி வாங்கியவன்தானே என்ற நினைப்பு வந்ததும், பல்லிடுக்கில் நார் சிக்கிய மாதிரி இருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காசு வாங்கித் தங்கவைக்கும் இடமெல்லாம் போலியும் இல்லை. இதே புதுச்சேரியில், கடற்கரைப் பக்கம், அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. டோக்கியோவில் பிராங்க் லாயிட் ரைட்டிடம் வேலை பார்த்த அன்டோனின் ரேமண்ட் வரைந்தார். ஜார்ஜ் நகாஷிமா இங்கேயே தங்கிக் கட்டிடத்தை நடத்தினார், பிறகு மரச்சாமான் செய்வதில் உலகப் புகழ் பெற்றவர் அவர். ஹைதராபாத் நிஜாமிடமிருந்து வந்த ஒரு லட்சம் ரூபாய்க்கு நன்றியாகத்தான் கோல்கொண்டா என்று பெயர். இந்தியாவில் நவீன முறையில் இரும்புக்கம்பி-சிமெண்டுக் கலவையில் எழுந்த முதல் கட்டிடங்களில் அது ஒன்று. குளிரூட்டி கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் தோட்டம், சுவருக்குப் பதிலாக மேலிருந்து கீழ் வரை திறந்து மூடும் பலகைகள், ஒவ்வோர் அறைக்கும் தேக்கில் சறுக்குக் கதவு. வைகாசி வெயிலிலும் உள்ளே காற்று ஓடும். வெளியாட்களுக்கு அங்கே எளிதில் இடம் கிடைக்காது. வெளியே தெருவில் நின்று பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது. தோட்டத்தை அங்கே அலங்காரத்துக்கு வைக்கவில்லை. அதுதான் விசிறி.

ஆசிரமத்து அன்னைக்குப் பூக்கள் மீது தனிப் பித்து. ஏறத்தாழ 900 பூக்களுக்கு ஒவ்வொன்றாகப் பொருள் சொல்லிப் பெயர் வைத்திருக்கிறார். என் விடுதியின் தோட்டக்காரரோ பூவுக்குப் பெயர் வைப்பதில்லை. மரங்களுக்கு மட்டும் வைத்திருந்தார். வாசலில் கோணிக்கொண்டு நின்ற மாமரம் 'குடிகாரன்'. காய்க்காமல் ஏமாற்றும் நாவல் 'எம்மெல்லே'.

கடல் தாண்டியும் ஓர் உதாரணம் உண்டு. இலங்கையில் பெந்தோட்டையருகே கட்டிடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948இல் ஒரு ரப்பர்த் தோட்டத்தை வாங்கி, 2003இல் இறக்கும்வரை அதையே மாற்றி மாற்றிச் செதுக்கிக்கொண்டிருந்தார். லுனுகங்கை என்று பெயர். இப்போது அங்கேயும் பயணிகள் தங்குகிறார்கள். அந்தத் தோட்டத்தின் சூட்சுமம், பார்வை மதிலில் முட்டி நிற்காமல் ஏரிக்கும் குன்றின் மேல் தெரியும் தாது கோபுரத்துக்கும் போய்ச்சேரும்படி மரங்களை வெட்டியும் வளர்த்தும் வைத்தது. ஐம்பது வருட வேலை. நம் பக்கத்தில் நிலம் பதிவானதிலிருந்து திறப்பு விழா வரை இரண்டு வருடம் போதும் என்கிறார்கள். அதனால்தான் ஃபாக்ஸ்டெயில் பாம். நர்சரியிலிருந்து லாரியில் வந்து இறங்கி மறுநாளே நிழல் மாதிரி ஒன்றைக் காட்டும். புன்னையும் வீரையும் பாலையும் காசானும் அந்த அவசரத்துக்கு வராது.

வீரை, பாலை, காசான் என்றதும் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். இந்தக் கடற்கரையில் ஆதியில் இருந்தது இவைதான். உயரம் அதிகமில்லாத, இலை தடித்த, கோடையிலும் பசுமை விடாத வறண்ட காடு. இன்று அது துண்டு துண்டாகக் கோயில் காடுகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போனால் பார்க்கலாம். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தாவரவியலாளர்கள் இந்தக் காடுகளை வருடக்கணக்கில் அளந்து எழுதியிருக்கிறார்கள். அய்யனார் காட்டில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கிளை ஒடித்தால் சாமி கண்ணைக் குத்தும் என்ற பயம் ஒன்றுதான் அங்கே தோட்டக்காரர்.

கடைசி நாள் விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தோட்டக்காரர் கதவைத் தட்டினார். முந்தைய இரவே சொல்லிவைத்திருந்தேன். அவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து ஊசுட்டேரிக்குப் போனோம். வழியெல்லாம் ஈர மண் வாசனை, எங்கோ வைக்கோல் எரிகிற வாசனை. கரை ஏறியதும் அவர் வண்டியை நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்தார்.

புதுச்சேரியில் ஏரிகள் 84 என்பார்கள். அவற்றில் பெரியது இது. பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. ஒரே தண்ணீருக்கு இரண்டு அரசுகள். எங்கே எல்லை என்று நாமக்கோழியிடம் கேட்டால் முக்குளித்துவிடும். புதுச்சேரிப் பக்கத்தை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பின்னர் தமிழ்நாடும் தன் பங்கை அறிவித்தது. மார்கழி, தையில் வந்தால் ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் மிதக்கும். நான் போனது வலசை திரும்பிப்போன பிறகு. தண்ணீர் உள்வாங்கி, கரைக்கும் நீருக்கும் நடுவே வெடித்த சேறு அகலமாகக் கிடந்தது. நத்தைக்குத்தி நாரைகள் இருபது முப்பது, அலகில் இடுக்கோடு, வேலைக்கு வந்த கூலியாட்கள் போல வரிசையாக நின்றிருந்தன. நீலத் தாழைக்கோழி ஒன்று கோரைப் புல்லுக்குள் கால் பார்த்துப் பார்த்து நடந்தது.

"பெங்கல் புயலப்போ இந்தக் கரையில நிக்க முடியல சார்" என்றார். 2024 நவம்பர் 30. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை. நகரம் கழுத்தளவு தண்ணீரில் தத்தளித்தது. "ஊர்ல எல்லாரும் தண்ணி தண்ணின்னு அழுவுறாங்க. ஏரிக்கு மட்டும் சந்தோஷம். வாங்குற எடத்துல வாங்கிக்கிச்சு. வாங்குற எடத்தெல்லாம் நாம பிளாட்டு போட்டுட்டோம், இல்ல?"

அவர் அப்பா காலத்தில் ஏரித் தண்ணீரைப் பங்கிட ஊரிலேயே சங்கம் இருந்ததாம். பிரெஞ்சு ஆட்சியில் விவசாயிகள் சேர்ந்து நடத்திய நீர்ப்பாசனச் சங்கங்கள் அவை. சிந்திக்கா அக்ரிகோல் என்று பெயர். மதகு எப்போது திறப்பது, யாருக்கு எத்தனை நாழிகை, கரைவேலைக்கு எந்த வீட்டிலிருந்து எத்தனை ஆள் என்றெல்லாம் அங்கே முடிவாகும். உழவர்கரை என்ற பெயரில் உழவரும் இருக்கிறார்கள், கரையும் இருக்கிறது. இந்த இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன என்பதற்குச் சொல்லாராய்ச்சி வேறு விடை சொல்லலாம். கரையில் நின்றவனுக்கு அந்தப் பெயர் வேறெதையும் நினைவூட்டவில்லை.

ஆறரை மணிக்கு வெயில் நாரைகளின் முதுகில் ஏறியது. எதிர்க்கரையில் ஒருவர் மாட்டைக் குளிப்பாட்ட இறங்கினார். மாடு தண்ணீரில் கால் வைக்கும் சத்தம் இத்தனை தூரத்துக்கும் கேட்டது. கேமராவோடு வந்த இரண்டு பையன்கள், காலை நடை வந்த ஒரு தம்பதி, வலையைத் தோளில் போட்ட ஒரு கிழவர். யாரும் யாரையும் அமைதியாக இருக்கச் சொல்லவில்லை. கிழவர் எங்களிடம் நெருப்புப்பெட்டி வாங்கிக்கொண்டு, "தண்ணி வத்துது, மீனு ஏறுது" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் இரண்டு நாளாக நாற்காலியில் உட்கார்ந்து வரவழைக்கப் பார்த்தது இங்கே நுழைவுச்சீட்டு இல்லாமல் கிடந்தது. கொசு மட்டும்தான் உபரி.

விடுதியில் கணக்கு முடிக்கும்போது கருத்துப் புத்தகத்தை நீட்டினார்கள். புல்லைக் குறைத்து இந்த மண்ணின் மரம் நடுங்கள், விருந்தினரை விடியற்காலை ஏரிக்கரைக்கு அனுப்பிவையுங்கள், மோட்டாரை மத்தியானத்தில் ஓட்டாதீர்கள் என்று மூன்று வரி எழுதினேன். எழுதிய பிறகு, அந்தப் பெண் மெதுவான குரலில் "தேங்க்யூ சார்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள். பக்கத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் தோட்டக்காரர் நின்றிருந்தார். கையில் ஒரு கறுப்பு பாலிதீன் பை, அதில் ஒரு சாண் உயரப் புன்னைக் கன்று. "மகிழமரத்துப் பக்கத்துல தானா மொளச்சுது. இங்க வெச்சா புடுங்கிப்போட்டுருவாங்க. எடுத்தும் போங்க."

பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டேன். திண்டிவனம் வரும்முன் நடத்துநர் வந்தார். கன்றைப் பார்த்தார்.

"இதுக்கு லக்கேஜ் போடணுமா?" என்றேன்.

"எவ்ளோ ஒசரம் வளரும்?"

"பெரிய மரமாகும்ணே."

"வளந்தப்பறம் ஏத்துனா போடுறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்கு நகர்ந்தார்.